நேராக நிற்க வைத்து ஒரு படம்

காரவள்ளி
21-4-2002

அன்பு மகள் உமைராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் காலிதும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர்தேசத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகையிலும் எங்கள் துஆ. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, நீ எழுதிய மாத்திரையை விட்டுவிட்டு யாரோ சொன்ன தைலத்தைத்தான் தேய்க்கிறாள், நான் சொன்னால் கேட்பதில்லை, நீ டாக்டராகி வந்து திட்டினால் ஒருவேளை கேட்பாள். ராசிபுரத்தில் உன் அக்கா சபீராவும் பிள்ளைகளும் நலம், பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வருகிறார்கள். காலித் வேனுக்கு வேறு டயர் மாற்றியிருக்கிறான், மலைக்கு மேலே போய்ப் பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு வருகிறான், ஆனால் வளைவுகளில் அவன் ஓட்டுகிற வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை நீயும் ஒரு வரி எழுது, தங்கச்சி சொன்னால் அண்ணன்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். வெயில் இங்கே மண்டையைப் பிளக்கிறது, கடைக்குள் மிளகு மூட்டைகளின் காரநெடி மத்தியானத்தில் தும்மலாக வருகிறது.

போன வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணினபோது அந்த மூட்டைப் படத்தின் நெகடிவை அனுப்பச் சொன்னாய், உங்கள் காலேஜ் ஹாலில் மாணவர்கள் எடுத்த படங்களோடு அதையும் பெரிதாக்கி வைக்கப்போகிறோம் என்றாய். முத்தன் மாமாவிடம் சொல்லுங்கள் அத்தா, அவர் முதுகு ருஷ்யாவில் தொங்கப்போகிறது என்று சொல்லிச் சிரித்தாய். நான் சரி சரி என்று சொல்லிவிட்டு, லைன் கரகரவென்று இருக்கிறது அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது கண்ணு. உன் சிரிப்பு பக்கத்து அறையில் இருந்து வருகிற மாதிரி கேட்டது, அதனால்தான் என்னால் சொல்ல முடியவில்லை. உன் பரீட்சை முடியட்டும் என்று இரண்டு மாதமாக நானும் அம்மாவும் சொல்லாமல் வைத்திருந்தோம், இனிமேல் மறைத்தால் அது பொய் சொன்ன கணக்காகிவிடும். முத்தன் மவுத்தாகிவிட்டான். தனியாக உட்கார்ந்து அழாதே, பக்கத்தில் யாராவது சிநேகிதி இருக்கும்போது மீதியைப் படி.

மாசி மாதம் மிளகு பறிப்பு நேரம். கொல்லிமலையில் தேவனூர் நாட்டில், நம் கடைக்கு மிளகு வருகிற அவன் காட்டில் சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறியிருப்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் அங்கே போய் மிளகைப் பச்சையாகக் கடித்துவிட்டு நீ ஊரையே கூட்டினாய். காலையில் பனி ஈரம் காய்வதற்குள் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறியிருக்கிறான், ஏணி வழுக்கிவிட்டது. ஜீப் பிடித்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே, வளைவுகளில் இறங்கும்போதே உயிர் போய்விட்டது. அது தெரியாமல் ஜீப் நம் கடை வாசலில் வந்து நின்றது, தண்ணீர் கேட்டு அவன் மனைவி முனியாயி ஓடிவந்தாள், நான் சொம்போடு போய்ப் பார்த்தேன். மடியில் கிடந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு இன்னும் தெரியவில்லை. அந்தச் சொம்புத் தண்ணீரை அவள் அவன் உதட்டில் ஊற்றினாள், அது அப்படியே கன்னத்தில் வழிந்தது. விமல்ராஜ், அவர்கள் ஒரே மகன், போர்வெல் லாரியில் மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு காட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏஜெண்டு மூலமாகச் சொல்லி அனுப்பி, அவன் ரயில் மாறி ரயில் மாறி வருவதற்குள் மலையில் பெரியவர்கள் காத்திருக்க முடியாது என்று அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் வந்தபோது மண்மேடுதான் இருந்தது. அப்பன் முகத்தைப் பார்க்காமலேயே போய்விட்டது அவனுக்கு.

இதில் உனக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். நீ அங்கே போன இரண்டாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் வாங்கினேன் என்று உன் சீனியர் பையன் கையில் அந்த ஜெனித் கேமராவைக் கொடுத்தனுப்பினாய். செங்கல் மாதிரி கனம், அமுக்கினால் டின் மூடி விழுந்த மாதிரி சத்தம். கூடவே உன் கடிதம், அத்தா எனக்கு ஊர் ஞாபகமாகவே இருக்கிறது, ஆனால் கல்யாண ஆல்பம் மாதிரி விறைப்பாக நிற்கிற படம் வேண்டாம், யாரையும் நிற்க வைக்காதீர்கள், கேமராவைப் பார்க்கவிடாதீர்கள், எல்லாரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது எடுங்கள் என்று. நானும் எடுத்துப் பார்த்தேன். ஜெனித் சத்தம் கேட்டதும் எல்லாரும் திரும்பிவிடுவார்கள், சட்டைப் பொத்தானைப் போடுவார்கள், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிற்பார்கள். அதை நான் எழுதியதும் நீ அடுத்த முறை சின்னதாக அந்த ஸ்மேனா கேமராவை அனுப்பினாய். வெயிலுக்கு ஒரு படம், மேகத்துக்கு ஒரு படம் என்று அதிலேயே வரைந்திருந்ததால் எழுத்துத் தெரியாவிட்டாலும் எனக்குப் புரிந்தது. சத்தமும் நகம் கிள்ளுகிற சத்தம்தான். மேஜைமேல் வைத்துக்கொண்டு தராசைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே அமுக்கிவிடலாம், எதிரில் இருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

அதற்கப்புறம் எனக்கு அது ஒரு பைத்தியமாகிவிட்டது. பஸ்ஸில் ஏறுகிற கால்கள், தராசில் மிளகு கொட்டுகிற கை, பலாப்பழத்தைப் பிளந்துவிட்டுப் பிசின் போகக் கையில் எண்ணெய் தேய்க்கிற பெண், மூடுபனியில் லாரி விளக்கு என்று எடுத்துத் தள்ளினேன். சேந்தமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அருணாசலம் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் சிரிப்பார். ஏனுங்க பாய், கை நடுங்குதுங்களா, எல்லாத்துக்கும் தலைய வெட்டிப்புட்டு முதுகையும் காலையும் எடுத்திருக்கீங்களே, காசு குடுத்து முதுகெதுக்குங்க என்பார். நான் எனக்குள் சிரித்துக்கொள்வேன், இவருக்கு என்ன தெரியும் என்று. ஏனென்றால் நீ எழுதியிருந்தாய், அத்தா உங்களுக்குக் கண் இருக்கிறது, என் போட்டோ கிளப்பில் இருக்கிற ருஷ்யக்காரர்களே அசந்துபோகிறார்கள் என்று. நான் எட்டாவதோடு நின்றவன் கண்ணு. உன் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட எனக்குப் புரியாது. நீ படித்துப் படித்து என் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எனக்கும் உனக்கும் நடுவில் பேசிக்கொள்ள அந்தப் படங்கள் கிடைத்தன. உன் பாராட்டை நான் சட்டைப் பையிலேயே வைத்திருந்து ஆள் இல்லாதபோது எடுத்துப் படிப்பேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அடுத்த ரோலுக்கு நீ என்ன சொல்வாய் என்றுதான் என் புத்தி ஓடும், எதிரில் நிற்கிற மனிதன் என்ன கேட்கிறான் என்று ஓடவில்லை.

விமல்ராஜ் கல்யாணம் ஐப்பசியில் நடந்தது, அதை உனக்கு எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டது ஒன்று. அன்றைக்கு அடைமழை, ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது, கீழே இருந்து ஏற்பாடு செய்திருந்த போட்டோக்காரர் மேலே போக முடியவில்லை. கோயிலில் வைத்துத் தாலி கட்டியதோடு முடிந்தது, ஒரு படம் கிடையாது. கார்த்திகையில் ஒருநாள் முத்தனும் முனியாயியும் நம் கடைக்கு வந்தார்கள். முத்தன் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவனை நான் அழுக்குத் துண்டு இல்லாமல் பார்த்ததே அன்றைக்குத்தான். முனியாயி தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். இரண்டு பேரும் சொல்லவந்ததைச் சொல்லாமல் சரக்கு விலையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் முனியாயிதான் வாய் திறந்தாள். ஏனுங்க பாய், கல்யாணத்துக்குத்தான் போட்டோ இல்லாமப் போயிருச்சு, நீங்க ஊரெல்லாம் படம் புடிக்கறீங்க, எங்க ரெண்டு பேரையும் நேரா நிறுத்தி ஒண்ணு எடுத்துக் குடுங்க, ஊட்டுல மாட்டி வெக்கோணும் என்றாள்.

உமைரா, நான் என்ன சொன்னேன் தெரியுமா. ரோல் முடியப்போகிறது, மிச்சம் இருப்பதை மகளுக்கு என்று வைத்திருக்கிறேன், இந்த மாதிரி நின்றுகொண்டு எடுப்பதற்கு ஸ்டூடியோதான் சரி, அருணாசலத்திடம் போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அங்கெ போயிட்டு வந்தா கடசி பஸ்ஸு போயிருமுங்களே என்றான் முத்தன். அப்படியானால் அடுத்த ரோலில் பார்க்கலாம், என் மகளுக்கு இப்படி நிற்கிற படம் பிடிக்காது, அவள் வேறு மாதிரி கேட்கிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். அவனும் சிரித்தான். சரிங்க பாய், பாப்பா என்ன கேக்குதோ அத எடுத்து அனுப்புங்க, நாங்க எங்கெ போயிரப் போறோம் என்றான். உன்னைக் கடைசிவரைக்கும் அவன் பாப்பா என்றுதான் சொன்னான். முனியாயி தலையில் இருந்த பூவைச் சரிபண்ணிக்கொண்டாள். அப்புறம் முத்தன் அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி, மடித்து, முனியாயி பையில் வைத்துவிட்டு, வாங்கின அரிசி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தான். மழைவிட்ட வெளிச்சம், ரோடு பளபளவென்று இருந்தது, மூட்டைக்குக் கீழே குனிந்த முதுகில் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. எனக்குக் கை துறுதுறுவென்று வந்தது. அவனுக்குத் தெரியாமல் பின்னால் இருந்து எடுத்துவிட்டேன். அதுதான் நீ சுவரில் ஒட்டியிருக்கிற படம். அந்த ரோலில் அதற்குப் பிறகும் படம் மிச்சம் இருந்தது. நீ உற்றுப் பார்த்தால் தெரியும், அவன் கட்டியிருக்கிற வேட்டி புது வேட்டி, பச்சைக்கரை.

அடக்கம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து விமல்ராஜ் கடைக்கு வந்தான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக இருந்தவனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. எங்கப்பன நீங்க நெறையாப் படம் எடுத்திருக்கீங்கன்னு அம்மா சொல்லுச்சுங்க, மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு குடுங்க, ஓட்டு அட்டைல கரி பூசுன மாதிரி இருக்குது, ஒண்ணும் தெரியமாட்டேங்குது என்றான். நானும் ஆசையாகத்தான் பெட்டியைத் திறந்தேன், இருக்கும் என்றே நினைத்தேன், அவ்வளவு படங்களில் ஒன்றில்கூடவா இருக்காது. மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பினோம். மிளகு கொட்டுகிற கை இருந்தது, அது முத்தன் கை. பஸ் படியில் வைத்த கால் இருந்தது, வெடித்த குதிகாலை வைத்து அவனே அது அப்பன் கால் என்று சொன்னான். துண்டால் முகம் துடைக்கிற படம், துண்டுதான் தெரிகிறது. டீ குடிக்கிற படம், கிளாஸுக்கு மேலே ஒரு கண்ணும் பாதி நெற்றியும். குனிந்து மூட்டைக்கு வாய் தைக்கிற படத்தில் உச்சந்தலை. அப்புறம் அந்த முதுகு. விமல்ராஜ் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான், மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. இத்தன எடுத்திருக்கீங்க, ஒண்ணுல கூட எங்கப்பன் உங்களப் பாக்கலீங்களே என்று மட்டும் கேட்டான். பார்க்கவிடாமல் எடுப்பதைத்தானே நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். அவன் போன பிறகு கடையை அப்படியே காலிதிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை.

சும்மா இருக்க முடியாமல் அந்த டீக்கிளாஸ் படத்தையும் ஓட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு அருணாசலத்திடம் போனேன். அவர் சிரிக்கவில்லை இந்த முறை. தெரிந்த பாதியை வைத்து மீதியை வரைந்து பார்க்கிறேன் என்று சிரமப்பட்டு ஒன்று செய்துகொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு காலித் வேனில் மேலே போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அவர்கள் ஊட்டுக்கு ஒற்றையடிப்பாதையில் நடக்க வேண்டும், வழியெல்லாம் முனியாயியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவள் வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தாள், அவன் கடைசியாகப் பறித்த மிளகு. மருமகள் விஜயா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், அவளுக்கு இது ஆறாவது மாதம். நான் படத்தை நீட்டினேன். முனியாயி வாங்கிப் பார்த்தாள், சேலையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இது ஆருங்க பாய் என்றாள்.

அப்புறம் அவளே மெதுவாகக் கேட்டாள், நீங்க எடுத்த அந்தப் படமெல்லாம் ஆருக்குங்க என்று. என் மகளுக்கு என்றேன். உங்க மக எங்க ஊட்டுக்காரரப் பாத்திருக்குதில்லீங்க என்றாள். பார்த்திருக்கிறாள், சின்ன வயதில் அவன் தோளில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றவள் என்றேன். அப்பச் சரிங்க, அதுக்கு முதுகக் காட்டுனாலும் மூஞ்சி நெனப்பு வந்துரும், எனக்குங்கூட வந்துரும், இவ வவுத்துல இருக்கறதுக்கு எப்பிடிங்க வரும், அதுக்கு அப்புச்சி முதுகத்தான் காட்டோணுமா என்றாள். விஜயா உடனே, அப்புச்சி இல்லீங்கத்தே, தாத்தா என்று திருத்தினாள். அழுகையிலும் அவள் திருத்தியதைக் கேட்டு முனியாயிக்கு ஒரு சிரிப்பு வந்தது, ஆமா, அம்மாவூட்டு ஆளத்தான் அப்புச்சிம்பாங்க, எனக்குப் புத்தியே பெசகிப்போச்சு என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். உன் அம்மாவையோ உன்னையோ நினைத்துக்கொண்டு நானும் நின்றபடியே அழுதுவிட்டேன் கண்ணு, எனக்கு இந்த வயதில் வெட்கமாகக்கூட இல்லை. என்னை மன்னிச்சிரு முனியாயி, அன்னைக்கு எடுத்திருக்கோணும் என்றேன். உக்காருங்க பாய், வெயில்ல வந்திருக்கீங்க என்று பாயை எடுத்துப் போட்டாள்.

விமல்ராஜ் காட்டிலிருந்து வந்ததும் அந்த வரைந்த படத்தைப் பார்த்தான், மடித்துத் தாழ்வாரத்துச் சந்தில் செருகிவிட்டான். என் தோளில் பெரிய ஜெனித் தொங்கியதைப் பார்த்துவிட்டு, ரோல் இருக்குதுங்களா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். எனக்கு எங்கப்பன் சாடைன்னு எல்லாருஞ் சொல்லுவாங்க, அவரு மாதிரியே துண்டு கட்டிக்கிட்டு உக்காந்தா பொறக்கற கொழந்தைக்கு ஒரு அடையாளமாவது இருக்குமில்லீங்க என்றான். முனியாயிதான் துண்டு கட்டிவிட்டாள். முத்தன் இடது காதை மறைத்துக் கட்டுவான், அந்த மாதிரி இழுத்துவிட்டாள். அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து போட்டுவிட்டாள், தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. மோவாயத் தூக்கு சாமி, உங்கப்பன் நேராத்தான் பாப்பாரு என்றாள். நான் தூரம் பார்த்து, வெளிச்சம் பார்த்து, அவசரப்படாமல் எடுத்தேன். டமார் என்று சத்தம் வந்தது, மிளகு கொத்த வந்த கோழிகள் ஓடின. அவன் கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த படங்களில் ஒரு மனிதன் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை, அந்தப் பார்வையைக் கேமரா வழியாகத் தாங்கிக்கொள்வது சுலபமாக இல்லை.

பிரிண்ட் நன்றாகவே வந்திருந்தது. நீ போன் பண்ணிய மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் முத்தன் வயசில் சின்னவனாகிக் கடைக்கு வந்து நிற்பது போல இருந்தது. ஆனால் முனியாயி நீண்ட நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். சாடை இருக்குது, ஆனா இது எம்மவன் தானுங்க பாய், அவரு ஆவாது என்றாள். அவள் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இதையும் சட்டம் போட்டுக் குடுங்க, இவனும் லாரில ஊர் ஊரா ஓடறவன், இவனுக்காவது ஒண்ணு இருக்கட்டும் என்று சொன்னாள். பெற்றவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் விஜயா அங்கிருந்து எழுந்து உள்ளே போய்விட்டாள். முத்தனுக்குப் படம் இல்லைதான், இனி வரப்போவதும் இல்லை, அதில் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கே பக்கத்து ஊட்டுக்காரர்கள் சிலர் என்னையும் எடுங்க என்று வந்தார்கள். ஒருத்தர் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு அம்மா கன்றுக்குட்டியோடு நின்றாள், எல்லாரும் விறைப்பாக, கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு. நீ பார்த்தால் சிரிப்பாய். நான் யாரையும் கையைத் தளர்த்தச் சொல்லவில்லை. அவர்கள் எப்படி நிற்க நினைத்தார்களோ அப்படியே எடுத்தேன்.

நெகடிவ் விஷயத்தையும் அவர்களிடம் கேட்டேன், கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. ருஷ்யாவில் ஒரு பெரிய ஹாலில் மாட்டப்போகிறார்களாம் என்றதும் விமல்ராஜ் முகம் சுருங்கியது, மூட்டையத் தூக்கற படந்தானா கெடச்சுது அவங்களுக்கு என்றான். முனியாயி யோசித்தாள். அரிசி அவரு சம்பாரிச்சு வாங்குனது, அதத் தூக்கறதுல என்ன அவமானம், மாட்டட்டும், ஆனா கீழ பேரு எழுதச் சொல்லுங்க, ஆரோ ஒரு ஆளுன்னு இருக்கக்கூடாது என்றாள். அதனால் இந்தக் கவரில் நெகடிவை வைத்திருக்கிறேன். செங்கோடன் மகன் முத்தன், தேவனூர் நாடு, கொல்லிமலை என்று ருஷ்ய எழுத்திலும் தமிழிலும் எழுது. வறுமை என்றோ உழைப்பு என்றோ வேறு தலைப்பு எதுவும் வைக்காதே. எழுதியதை ஒரு படம் எடுத்து அனுப்பினால் நானே மேலே கொண்டுபோய்க் காட்டுவேன். உன்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ ஊரைவிட்டுத் தூரத்தில் இருந்து ஏங்கிக் கேட்டாய், நீ கேட்டதில் தப்பு இல்லை. வாசலில் நின்று கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னது நான்தான். உன் கேமராக்களைத் திருப்பி அனுப்பப்போவதும் இல்லை. தினமும் நடப்பதை எடுக்கத்தான் செய்வேன், ஆனால் முதலில் கேட்டவருக்கு, அப்புறம் உனக்கு.

கடைசியாக உன் அம்மா சொல்லச் சொன்னது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அலிமா நீ அங்கிருந்து அனுப்பிய படங்களையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பனி மூடிய ட்ராம் இருக்கிறது, ரொட்டிக்கடை வரிசை இருக்கிறது, புறாவுக்குத் தீனி போடுகிற கிழவர் இருக்கிறார், ஜன்னலில் காய்கிற உன் கையுறை இருக்கிறது. எல்லாம் அழகாக இருக்கு, எம்மவ எங்கெங்க என்று கேட்கிறாள். திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றில்கூட நீ இல்லை. போகும்போது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம்தான் எங்களிடம் இருப்பதில் கடைசி, அதில் நீ பள்ளிக்கூடப் பிள்ளை. இப்போது நீ மெலிந்திருக்கிறாயா, கண்ணாடி போட்டிருக்கிறாயா, தலைமுடி எவ்வளவு இருக்கிறது, ஒன்றும் தெரியாமல் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் கண்ணு, யார் கையிலாவது கேமராவைக் கொடு, நல்ல துணி உடுத்திக்கொள், வெளிச்சமான இடமாகப் பார்த்து நில். கையை எங்கே வைப்பது என்று யோசிக்காதே, அழகாக வரவேண்டும் என்றும் யோசிக்காதே. எங்களை நேராகப் பார்.

அல்லாஹ் உன் படிப்பிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக, போகிற வழியிலெல்லாம் உனக்குத் துணையாக இருப்பானாக. பனி போய்விட்டது என்று கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிடாதே, முத்தனுக்காக இரண்டு நிமிஷம் துஆ கேள். படத்தை மறந்துவிடாதே.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அத்தா
ஹபீப் ரஹ்மான்